ஜில்லு சொட்டவிட்ட தண்ணீர்

உறையூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஓர் ஏசி இருந்தது. அந்த வீட்டுக் குழந்தையின் மேல் அது உயிரையே வைத்திருந்தது.

குழந்தையின் பெயர் விசாலாட்சி, வீட்டில் சாலா. அவள் பிறந்த வருஷம் திருச்சியில் அடித்த வெயிலில் கைக்குழந்தையின் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. நாள் முழுக்க அழுவாள். அம்மா உமையாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கடைக்குப் போய் ஏசியை வாங்கி வந்து மாட்டச் சொன்னாள். மாட்டிய அன்று மாலை குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு தூங்கியது. அந்தத் தூக்கத்தைப் பார்த்த பிறகு, தன்னை எதற்காகச் செய்தார்கள் என்பதில் ஏசிக்குச் சந்தேகமே வரவில்லை.

பேச்சு வந்ததும் சாலா அதற்கு ஜில்லு என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அதன் கீழே வந்து முகத்தை நிமிர்த்தி நிற்பாள். "ஜில்லு, ஊது" என்பாள். அப்பா மெய்யப்பன் ரிமோட்டை அழுத்துவான். ஜில்லு ஊதும். அவள் நெற்றி முடி பறப்பதைப் பார்ப்பதுதான் அதன் ஒருநாள் கூலி.

அந்த வீட்டில் மற்றச் சாமான்களும் பேசும். மனிதர் காதுக்கு அது உறுமலாகவும் கிறீச்சிடலாகவும்தான் கேட்கும். கூடத்தில் நிற்கும் ஃப்ரிட்ஜ் வீட்டுக்கே மூத்தது, எல்லா விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லும். படுக்கையறை மின்விசிறிக்குக் கோபம் சீக்கிரம் வரும். கதவு மூலையில் நிற்கும் துடைப்பம் அதிகம் பேசாது. எல்லா அறைக்கும் போய்வருவதால் அதற்குத் தெரிந்தது மற்றவற்றைவிட அதிகம்.

மெய்யப்பன் ஒரு மேல்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவன். உமையாளுக்கு வங்கியில் வேலை. சாலா ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் உமையாளுக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே தருமபுரிக்கு மாற்றலும் வந்தது. குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டாம், மறுத்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள் அவள். மெய்யப்பன் விடவில்லை. அந்தப் பரீட்சைக்காக அவள் எப்படிப் படித்தாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் அவன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றான். அவள் போனாள். வாரக் கடைசியில் வருவாள், திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவாள்.

மெய்யப்பன் சொன்னபடியே பார்த்துக்கொண்டான். சமைத்தான், துவைத்தான், மகளுக்குச் சடை பின்னினான். சடை கோணலாக வந்தது, ஆனாலும் வந்தது. தினமும் வீட்டைப் பெருக்கினான். கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தான். ஒன்று மட்டும் அவனால் ஆகாது. மூடியிருக்கும் எதையும் திறக்கமாட்டான். மிக்ஸி முனகினால் தலையில் தட்டுவான். வாஷிங் மெஷினில் முடை நாற்றம் அடித்தால் சோப்புத்தூளைக் கொஞ்சம் கூடப் போடுவான். நாம் கையை வைத்தால் இருப்பதும் போய்விடும், அதற்கென்று ஆள் இருக்கிறான் என்பது அவன் கட்சி.

ஏசிக்கும் ஆள் இருந்தான். உமையாள் இருந்தவரை அவள் போன் போட்டு வரச்சொல்வாள், அவனும் வந்து கழுவிவிட்டுப் போவான். அவள் போன பிறகு அவனைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது சாலாவுக்கு இருமல் வந்தது.

முதலில் அது சாதாரண இருமலாகத்தான் இருந்தது. மெய்யப்பன் கற்பூரவல்லியைச் சாறு பிழிந்து கொடுத்தான். வாழைப்பழத்தை நிறுத்தினான். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தான். இருமல் போகவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சில் புறா குனுகுவதுபோல் ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் இழுப்பு மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஏசியைச் சர்வீஸ் செய்கிறீர்கள்தானே என்றும் கேட்டார். மெய்யப்பன் தலையாட்டினான். ஆட்டும்போது அதைப் பொய் என்று அவன் நினைக்கவில்லை. வருஷா வருஷம் ஆள் வருகிறானே என்றுதான் நினைத்தான்.

தூசி என்றதும் அவனுக்கு எதிர்மனையில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம்தான் கண்ணில் பட்டது. சிமெண்டும் மணலும் பறக்கிறதே என்று சன்னல்களை எல்லாம் அடைத்தான். அடைத்துவிட்டு ஏசியைப் போட்டான்.

குழந்தை ஏன் இருமுகிறாள் என்று சாமான்களுக்குள் சண்டை வந்தது.

மின்விசிறி துடைப்பத்தைக் குற்றம் சொன்னது. அது பெருக்குகிறேன் என்று தரையிலிருக்கும் தூசியை எழுப்பி விடுகிறதாம். துடைப்பம், உன் இறக்கையின் ஓரத்தைக் கொஞ்சம் பார் என்றது. அங்கே கறுப்பாக ஒரு கரை கட்டியிருந்தது. ஃப்ரிட்ஜ் இருவரையும் அதட்டி அடக்கிவிட்டு, எதிர்மனைச் சிமெண்டுதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் முதுகுக்குப் பின்னால் சிலந்தி வலை திரைபோலத் தொங்கியதை யாரும் சொல்லவில்லை. பெரியவரிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது?

ஜில்லு சண்டையில் சேரவில்லை. அதற்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குழந்தை இருமினால் இன்னும் கொஞ்சம் பலமாக ஊதியது.

ஒருநாள் மாலை ஃப்ரிட்ஜ் மற்றவற்றிடம் ஒரு விஷயம் சொன்னது. சொல்லும்போது அதன் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

வங்கியில் வருஷக் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் உமையாளால் சில வாரமாக வீட்டுக்கு வர முடியவில்லை. தினமும் அந்த நேரத்தில் வீடியோவில்தான் பேசுவாள். மெய்யப்பன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொள்வான். குழந்தைக்குச் சளி தேவலையா என்று அவள் கேட்டால், "லேசாதான் இருக்கு, சரியாயிடும்" என்பான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அன்று ஃப்ரிட்ஜ் கவனித்தது வேறு. பேச்சு நடந்தபோது சாலா ஒருமுறைகூட இருமவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. போனை வைத்ததும் ஓடிப்போய்ச் சமையல்கட்டு மூலையில் நின்று, அதுவரை அடக்கியதை எல்லாம் சேர்த்து இருமினாள்.

"அந்த மனுஷன் அடக்கச் சொன்னாரா?" என்றது மின்விசிறி.

இல்லை என்றது ஃப்ரிட்ஜ். என்றைக்கோ ஒருநாள் இழுப்பு மருந்தைக் கொடுத்துக்கொண்டே, 'உங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா வேலையை விட்டுட்டு வந்து நிப்பா' என்று தன்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறான். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அப்புறம் துடைப்பம் வாயைத் திறந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும், ஜில்லு. தப்பா எடுத்துக்காதே. பால்கனியில விளையாடும்போது அந்தப் புள்ள இருமுறதில்ல. எதிர் ஃப்ளாட்டுல ஜெசிந்தா டீச்சர் வீட்டுக்குப் போனாலும் இருமுறதில்ல. இந்த அறைக்குள்ள வந்து, நீ ஊத ஆரம்பிச்ச பிறகுதான் இருமுறா."

ஜில்லுவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கைக்குழந்தையாய் அவள் கிடந்த நாள் முதல் யார் அவளைத் தூங்கவைத்தது என்று கேட்டது. மூலையில் சாய்ந்து கிடக்கிற உனக்கு என்ன தெரியும் என்றது. ஆனாலும் துடைப்பம் சொன்னது அதைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஜில்லு தனக்குள்ளேயே காது கொடுத்துக் கேட்டது. உள்ளே யாரோ குடியிருப்பதுபோல் இருந்தது.

"யாரது?" என்றது.

"நான்தான், தூசி" என்றது ஒரு மெல்லிய குரல். "ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன். நீ கேட்டதில்ல, நானும் சொல்லல."

"உன்னை யார் உள்ள விட்டது?"

"நீதான். ஊதுறதுக்கு முன்னால நீ இழுக்கணும் இல்லையா? இழுக்கிறப்ப நான் வர்றேன். உன் முகத்துக்குப் பின்னால ரெண்டு வலை இருக்கு. அதுல தங்கிக்கிறேன். எல்லா வீட்டுக்கும் வர்றவன்தான் நான், என்னால பெரிய தொல்லை கிடையாது. வந்தா வழிச்சுப் போட்டுருவாங்க, போயிருவேன். இங்க யாரும் வழிக்கல. அதனால இருந்துட்டேன்."

"அப்ப அவ இருமுறது உன்னாலயா?"

"என்னால பாதி. எனக்குப் பின்னால, ஈரத்துல, கறுப்பா ஒண்ணு வளந்திருக்கு. நான் கிடந்ததாலதான் அது வந்தது. அது பேசாது. நீ ஊதுற காத்து அதுமேல பட்டுத்தான் வெளிய போகுது."

அன்று பிற்பகல் சாலா வந்து, வழக்கம்போல முகத்தை நிமிர்த்தி நின்றாள். ஊதச் சொன்னாள். ரிமோட் அழுத்தப்பட்டது. ஊதாமல் இருந்துவிட ஜில்லு என்னவெல்லாமோ செய்து பார்த்தது. அழுத்தினால் ஓடியாக வேண்டும், அதுதான் அதன் பிறப்பு. தன்னிடமிருந்து காற்று போவதையும், அவள் நெற்றி முடி பறப்பதையும், சற்று நேரத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிவதையும் பார்த்தபடி ஊதிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் அவளை எல்லாரையும்விட நேசித்தது தான்தான், அவள் மூச்சை அடைத்ததும் தான்தான் என்பது அதற்குத் தாங்கவில்லை.

மறுநாள் துடைப்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. பிறகு எல்லோரிடமும் தன் யோசனையைச் சொன்னது.

காற்றை நிறுத்துவது அதன் கையில் இல்லை. தண்ணீர் அதன் கையில் இருந்தது. காற்றைக் குளிர வைக்கும்போது உள்ளே ஊறும் தண்ணீர், பின்னால் ஒரு குழாய் வழியாகப் பால்கனிக்குப் போய் விழும். அந்தக் குழாயும் பாசி பிடித்து நூலிழையாய்ச் சுருங்கிப் போயிருந்தது. அதில் தண்ணீரைத் தள்ள ஜில்லு சில மாதமாகப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது. இனி தள்ளப் போவதில்லை, அறைக்குள்ளேயே சொட்டவிடப் போகிறேன் என்றது. சொட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் திறப்பார்கள்.

"திறக்கமாட்டாங்க" என்றது ஃப்ரிட்ஜ். "தூக்கிடுவாங்க. எனக்கு முன்னாடி இங்க ஒரு பழைய வாஷிங் மெஷின் இருந்ததாம். ஒழுகுதுன்னு கயிறு கட்டி மாடியிலேருந்து இறக்கினாங்களாம். திரும்பி வரல. நல்லா யோசிச்சுக்கோ."

ஜில்லு யோசித்தது. அதற்கும் பயம் இருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் காயலான் வண்டி வந்து நிற்பதை அதுவும் கேட்டிருக்கிறது.

"தூக்கட்டும்" என்றது. "நான் போனாலும் அவ மூச்சு விடுவா இல்ல?"

அந்தச் சனிக்கிழமை உமையாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். மதியம் வங்கியிலிருந்து சீக்கிரம் கிளம்ப முடிந்தது, சேலத்தில் உடனே பஸ் கிடைத்தது. மகளைத் திகைக்க வைக்கலாம் என்று போன்கூடச் செய்யாமல், தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு மெதுவாக உள்ளே வந்தாள். மெய்யப்பன் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

படுக்கையறையில் சாலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜில்லு ஊதிக்கொண்டிருந்தது. உமையாளை வாசலில் பார்த்ததும் அது மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததை விட்டது. ஒரு சொட்டு சாலாவின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில். பிறகு தலையணையில் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.

சாலா விழித்து எழுந்து உட்கார்ந்தாள். உடனே இருமல் வந்தது. உடம்பு முழுக்கக் குலுங்க, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு இருமினாள். இழுத்த மூச்சு பாதியில் நின்று சீழ்க்கையடித்தது. நிமிர்ந்தபோதுதான் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உமையாளின் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது. ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். மெய்யப்பன் ஈரக் கையோடு ஓடிவந்து இழுப்பு மருந்தைக் கொடுத்தான். எந்த டப்பாவில் மருந்து இருக்கிறது, எப்படிக் குலுக்க வேண்டும், எத்தனை முறை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் கைக்குப் பழகியிருந்ததை உமையாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூச்சு அடங்கியதும் மகளைக் கேட்டாள். "எதுக்கு வாயைப் பொத்துனே, கண்ணு?"

சாலா அப்பாவைப் பார்த்தாள். "நீ கேட்டா வேலையை விட்டுடுவே இல்ல?" என்றாள்.

மெய்யப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. போனில் பேசும்போது மகள் இருமாமல் இருந்ததை எல்லாம் கடவுள் புண்ணியம் என்று அவன் நினைத்திருந்தான்.

உமையாள் சத்தம் போடவில்லை. சாலாவை எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சரிடம் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தாள். வந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான். கற்பூரவல்லியில் தொடங்கி டாக்டர் சொன்னது வரை சொன்னான். சன்னலை அடைத்தும் ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லை என்றான். அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றான். சொன்னால் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவாள், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன தன் வார்த்தை என்ன ஆவது என்று பயந்ததையும் சொன்னான்.

படுக்கையறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதுவும் போச்சு" என்றான் மெய்யப்பன். "பழசைக் கொடுத்துட்டு வேற வாங்கிடலாம். திங்கக்கிழமை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்றேன்."

ஃப்ரிட்ஜ் நடுங்கி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது. நான் சொன்னேனே என்று சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

உமையாள் சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டாள். வெயில் காலம், கையில் நிறைய வேலை இருக்கிறது, அடுத்த வாரம்தான் வர முடியும் என்றான் அவன். போனை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போய் ஏசியை அண்ணாந்து பார்த்தாள். வாய்க்கருகில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய் முகர்ந்தாள். மழையில் நனைந்த சாக்கு நாற்றம்.

"இதைத் திறந்து பாத்தீங்களா?" என்றாள்.

"அதுக்குன்னு ஆள் இருக்கான்ல?"

"ஆள் வரலையே" என்றாள் உமையாள். "நாற்காலியை எடுத்துட்டு வாங்க."

அவளுக்கும் அதைத் திறக்கத் தெரியாது. சர்வீஸ் ஆள் கழுவும்போது பக்கத்தில் நின்றதில்லை, காபி போட்டுக் கொடுத்ததோடு சரி. மெய்யப்பன் மெயின் சுவிட்சை இறக்கினான். வீடு முழுக்க நிசப்தமானது. ஜில்லு தன் முகத்தில் நான்கு கைகள் தடவுவதை உணர்ந்தது. பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவை தடுமாறின. ஓர் ஓரத்தில் அழுத்தியபோது படக்கென்று ஒரு சத்தம் வந்தது. உடைந்துபோய்விட்டது என்று மெய்யப்பன் கையை எடுத்துவிட்டான். உடையவில்லை. மூடி மேலே எழும்பி நின்றது.

இருவரும் பார்த்தார்கள்.

வலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி இருந்தது. மெய்யப்பன் அதன் நுனியைப் பிடித்து இழுத்தான். ஆட்டுத்தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அதற்குப் பின்னால், காற்று வரும் உருளையில் கறுப்புக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. நாற்காலியில் நின்றபடியே அவன் அழுதான். சன்னலை அடைத்தது, கதவைச் சாத்தியது, மகளை இதன் கீழேயே படுக்கவைத்தது எல்லாம் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இதையா அவ மூச்சா இழுத்துக்கிட்டிருந்தா?" என்றான்.

உமையாள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே கீழே விழுந்துவிடப் போகிறான் என்று பயந்தாள். அப்புறம், "கழுவலாம், இறங்குங்க" என்றாள்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கழுவினார்கள். வலைகள் குளியலறைக் குழாயடிக்குப் போயின. தண்ணீர் முதலில் கறுப்பாகவும் பிறகு சாம்பலாகவும் பிறகு வெறும் தண்ணீராகவும் ஓடியது. வலைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தபோது உமையாள் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். வலைகளை நிழலில் காயவைத்தார்கள். சுவரையும் கட்டிலையும் பழைய சேலையால் மூடிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித் தேய்த்தார்கள். பால்கனிப் பக்கம் குழாயின் வாயில் மெய்யப்பன் சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தான். பாசி ஒரு கட்டியாக வந்து விழுந்தது, அதன் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் கொட்டியது.

முறத்தில் அள்ளப்பட்டபோது தூசி ஜில்லுவைப் பார்த்தது. "வரட்டுமா?" என்றது.

"திரும்ப வருவியா?"

"வராம எங்க போவேன்? வந்தா வழிக்கச் சொல்லு, அவ்வளவுதான்" என்றது தூசி. அதற்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. துடைப்பம் அதை மெதுவாக, பறக்காமல் கொண்டுபோய்க் குப்பையில் சேர்த்தது.

ஏசியோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஒன்றைத் திறந்த பிறகு மற்றதையும் திறக்கத் துணிச்சல் வந்துவிட்டது. மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றுக்கும் பழைய தலையணை உறையை மாட்டி வழித்தார்கள், அத்தனையும் உறைக்குள்ளேயே வந்துவிட்டது. மின்விசிறி கூச்சத்தில் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி அதன் முதுகைத் துடைத்தார்கள். பல வருஷத்துப் புழுக்கம் இறங்கியதுபோல் அது பெருமூச்சு விட்டது. வாஷிங் மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடி இருந்ததை அன்றுதான் கண்டுபிடித்தார்கள். திறந்தால் பஞ்சு, ஒரு சட்டைப் பொத்தான், சாலாவின் காணாமல் போன ஒற்றை சாக்ஸ்.

கை வேலை செய்யும்போது வாய் எளிதாகப் பேசுகிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? உமையாளும் சொன்னாள். போனில் குழந்தையின் முகம் சிவப்பதை அவளும் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறாள். துருவிக் கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் தருமபுரியை விட வேண்டியிருக்கும் என்று கேட்காமல் விட்டிருக்கிறாள். அந்த வேலை தனக்குப் பிடித்திருப்பதைச் சொல்லவே பயமாக இருந்தது என்றாள். அங்கே அறையில் தனியாக உட்கார்ந்து பல நாள் சாப்பிடாமல் படுத்ததையும் சொன்னாள். மெய்யப்பன் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். பிறகு துணியைப் பிழிந்துவிட்டு, நீ வேலையை விட வேண்டாம், நானும் இனி எதையும் மறைக்கமாட்டேன் என்றான். அவளும் அப்படியே சொன்னாள்.

சாலா சனிக்கிழமை இரவு டீச்சர் வீட்டிலேயே தூங்கிவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவளைக் கூட்டிவந்தார்கள். சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே வெயில் தாழ்ந்த பிறகு சன்னலைச் சாத்தி, ஏசியின் சுவிட்சைப் போட்டு, ரிமோட்டை அழுத்தினார்கள். ஜில்லு பயந்துகொண்டே ஊதியது. தனக்குள்ளிருந்து இவ்வளவு லேசாகக் காற்று போகும் என்பதையே அது மறந்திருந்தது. சாலா கீழே நின்று முகத்தை நிமிர்த்தினாள். அப்பாவும் அம்மாவும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அவள். பிறகு போய்ப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள்.

இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. டாக்டரிடம் போய் நடந்ததை உள்ளபடி சொன்னார்கள். அவர் மருந்தைத் தொடரச் சொல்லி, பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார். இப்போதெல்லாம் தருமபுரியிலிருந்து போன் வந்தால் சாலா இருமல் வந்தால் இருமுகிறாள், வராவிட்டால் வரவில்லை என்று சொல்கிறாள். சித்திரை வெயில் முடிவதற்குள் இழுப்பு மருந்து அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. உமையாள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் வலைகள் குழாயடிக்குப் போகின்றன. கழற்றுவது மெய்யப்பன்தான். மூடி படக்கென்றால் இப்போது அவன் கையை எடுப்பதில்லை.

அந்த ஆடியில் வீட்டுக்குப் புதிதாக ஒரு தண்ணீர் சுத்திகரிப்பான் வந்தது. சமையல்கட்டுச் சுவரில் பளபளவென்று உட்கார்ந்துகொண்டு, ஏசியைக் கழற்றிக் கழுவுவதைக் கதவு வழியாகப் பார்த்தது. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னையும் ஒருநாள் இப்படித் திறந்து எல்லோர் முன்னாலும் உள்ளதை எல்லாம் வெளியே எடுப்பார்களா, வலிக்குமா என்று ஜில்லுவைக் கேட்டது.

"வலிக்காது" என்றது ஜில்லு. "கொஞ்சம் வெக்கமா இருக்கும். அப்புறம் ஒரு மூச்சு வரும் பாரு."